வியூகத்தில் இல்லாதவன்

முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அவன்தான்.

ஆஸ்பத்திரி மருந்துக்கடை வரிசையில் சீட்டோடு நின்றிருந்தேன். மறுநாள் காலை என் மனைவிக்கு ஆபரேஷன். எதிரே லிஃப்ட் பக்கத்தில், எந்த மாடியில் எந்த வார்டு என்று எழுதிய பலகையை அண்ணாந்து பார்த்தபடி அவன் நின்றான். தலையில் முடி போய்விட்டது, உடம்பும் பெருத்துவிட்டது. ஆனால் அந்தப் பிடரியை நான் மறப்பேனா?

ஊருக்கெல்லாம் அவன் முகம் தெரியும். எனக்கு முதுகுதான் தெரியும்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பஸ் டிப்போ அணிக்கும் மின்வாரிய அணிக்கும் கால்பந்து இறுதிப் போட்டி. அதற்கு ஒரு மாதம் இருக்கும்போதே எங்கள் ஃபோர்மேனுக்குத் தூக்கம் கெட்டுப்போனது. அவர்தான் எங்களுக்குப் பயிற்சியாளரும். பழுதுபார்க்க நிறுத்திய ஒரு பஸ்ஸின் பக்கவாட்டில் சாக்பீஸால் வட்டம் வட்டமாகப் போட்டார். கோல் கீப்பர். அவனுக்கு முன்னால் நாலு, நடுவில் மூன்று, முன்னணியில் இரண்டு. ஆக மொத்தம் பத்து.

பதினோராவது ஆளான நான் என் வட்டத்தைத் தேடினேன்.

"உனக்கு இடமே கிடையாதுடா. பம்பரம் எங்க போறானோ அதான் உன் இடம். அவன் தண்ணி குடிச்சா உனக்குப் பொரையேறணும்."

பம்பரம் என்றால் மின்வாரியத்தின் பத்தாம் நம்பர். நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினால் மூன்று பேர் தரையில் கிடப்பார்கள்.

மறுநாள் காலை அந்த பஸ்ஸைத் துடைக்காமலேயே யாரோ ரூட்டில் அனுப்பிவிட்டார்கள். எங்கள் வியூகம் நாள் முழுக்க ஊரைச் சுற்றி வந்தது. மின்வாரியக்காரர்கள் ஸ்டாப்பில் நின்று பேப்பரில் வரைந்துகொண்டார்களாம். ஆனால் பத்துப் பேர்தானே இருக்கிறார்கள் என்று ஒருத்தனும் எண்ணிப் பார்க்கவில்லை. அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தோம்.

ஃபோர்மேன் உத்தரவுப்படி அந்த ஒரு மாதமும் மைதானத்துக்கு வெளியிலும் அவன் பின்னாலேயே அலைந்தேன். டீக்கடை, சலூன், அவன் வீட்டுத் தெரு. வலது பக்கம் திரும்புவதற்கு முன்னால் அவனுடைய இடது தோள் ஒரு விரல்கடை இறங்கும். அது அவனுக்கே தெரியாது.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஷிஃப்ட் முடிந்ததும் கையில் கிரீஸைக்கூடச் சரியாகக் கழுவாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறப்பேன். அப்படி ஒரு மாதம் என் ஆயுசில் மறுபடி வரவில்லை. இப்போது நினைத்தாலும் நெஞ்சு இனிக்கிறது.

போட்டியில் எண்பத்தாறு நிமிடம் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தேன். பந்தை நான் பார்க்கவே இல்லை. கூட்டம் கத்துவதை வைத்துத்தான் ஆட்டம் எந்தப் பக்கம் நடக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

எண்பத்தேழாவது நிமிடம், எங்கள் கோலுக்குக் கொஞ்ச தூரத்தில், பந்து அவன் காலுக்கு வந்தது. இடது தோள் இறங்கியது. வலது பக்கம் நான் ஒரு எட்டு வைத்தால் போதும்.

நான் இடது பக்கம் போனேன்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. பம்பரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தையே மூன்று சுற்று ஓடினார்கள். அடுத்த வாரமே நான் வேறு ஊர் டிப்போவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். கோட்டை விட்டவன் அவமானம் தாங்காமல் ஓடுகிறான் என்றார்கள். ஃபோர்மேன் கைகூடக் கொடுக்கவில்லை.

பம்பரமும் அதன்பின் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கே எதிர்ப்பட்டாலும் முதுகைத்தான் காட்டுவான்.

லிஃப்ட் வந்தது. எல்லாரும் ஏறினார்கள், அவன் ஏறவில்லை. மறுபடியும் வந்தது. அப்போதும் ஏறவில்லை. பலகையை விட்டுத் திரும்பி, விறுவிறுவென்று நடக்கத் தொடங்கினான்.

நான் வரிசையை விட்டேன். என்னைக் கேட்காமலே கால்கள் அவன் பின்னால் போயின. ஒன்றரை அடி தள்ளி, வலது தோளுக்குப் பின்னால். மூச்சு வாங்கியது. அவன் வாசலைத் தாண்டிவிட்டால் இன்னொரு முப்பத்தைந்து வருஷம் காத்திருக்க எனக்கு ஆயுசு இல்லை. அவனைப் பேச வைத்துவிட வேண்டும், அதுவும் இன்றைக்கே. கூப்பிடலாம் என்றால் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

நடை முடிகிற இடத்தில் வலது பக்கம் வாசல், இடது பக்கம் மாடிப்படி.

இடது தோள் இறங்கியது.

இந்தத் தடவை நான் வலது பக்கம் போனேன்.

என் மேல் மோதாத குறையாக நின்றான். அவ்வளவு கிட்டத்தில் அவன் முகத்தை நான் பார்த்ததே இல்லை. கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்தான். என் கையிலிருந்த மருந்துச் சீட்டைப் பார்த்தான். என்னைச் சுற்றிக்கொண்டு போய்விடுவான் என்றுதான் நினைத்தேன்.

"தங்கச்சி எந்த வார்டுல இருக்கா, மாப்ள?"

யார் சொல்லித் தெரிந்துகொண்டானோ. மாடிப்படியைக் கையால் காட்டினேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவன் முன்னால் ஏறினான், நான் பின்னால் ஏறினேன்.

அந்த இறுதிப் போட்டிக்கு மறுநாள், காலை பத்து மணிக்கு, ரிஜிஸ்தர் ஆபீஸில் எனக்கும் அவளுக்கும் கல்யாணம். அவள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எண்பத்தேழாவது நிமிடம் என் முன்னால் நின்றவன் அவளுடைய ஒரே அண்ணன். அந்த வீட்டிலிருந்து பெண்ணை வெறுங்கையோடு எடுத்துக்கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை. கொடுப்பதற்கு என்னிடம் அந்த ஒரு எட்டுதான் இருந்தது.