மாதிரிக்கு ஒரு அத்தியாயம்

"எழுத்தாளர் தேவை, வீட்டிலிருந்தே வேலை" என்று ஓணான் ஆன்லைனில் விளம்பரம் போட்டது. அணில் பாய்ந்து விண்ணப்பித்தது.

"மாதிரிக்கு ஒரே ஒரு அத்தியாயம் அனுப்புங்க தம்பி, மழைக்காலத்துக்கு உணவு சேமிப்பது பற்றி" என்று ஓணான் குழைந்தது.

அணில் மூன்று நாள் சாப்பிடாமல் எழுதி அனுப்பியது. ஒரே நிமிடத்தில் பதில் வந்தது: "நடையில் உயிர் இல்லை."

அணில் அழுததைப் பார்த்து மைனா குதித்தது. "அடப்பாவி, எனக்கும் இன்னும் ஆறு பேருக்கும் இதே வரிதான்டா! கூடு கட்டுறதைப் பத்தி எழுதினேன்."

"அப்போ ஓசியிலேயே ஒரு புத்தகம் தேத்துறானா? நம்ம பேரைக்கூடப் போட மாட்டானே!" என்றது அணில்.

"போட வைக்கிறேன். அவன் எதையும் படிக்கிறதே இல்ல. ஆனா வெளியீட்டு விழாவில் கடைசி அத்தியாயத்தை ஆசிரியரே வாசிக்கணும்ல?"

மைனா எலியின் குரலில் ஓணானுக்குப் போன் போட்டது. "ஐயா, கீச், கடைசி அத்தியாயத்துக்கு ஆள் வேணுமா, கீச்?"

"மாதிரி அனுப்புங்க தம்பி."

அனுப்பியது. அதே பதில் வந்தது.

விழா நாளில் ஓணான் தொண்டையைச் செருமி, கம்பீரமாக வாசிக்கத் தொடங்கியது: "இந்தப் புத்தகத்தில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. உணவு பற்றி எழுதியது அணில். கூடு பற்றி எழுதியது மைனா..."

ஓணான் படக்கென்று புத்தகத்தை மூடியது.

முன்வரிசையிலிருந்து அணில் கத்தியது: "ஏண்ணே நிறுத்திட்டீங்க? இன்னும் ஆறு பேர் இருக்காங்க, படிங்க!"