ஒன்பது கடிகாரங்களின் உரிமையாளர்

தையற்கடை மாடியறையில் அன்று இருந்தவர்கள் நான்கு பேர். மிஷின் முன்னால் முக்காலியில், கடைக்குச் சொந்தக்காரரான டெய்லர். சாய்மானமுள்ள ஒரே நாற்காலியில், இடுப்புவலியைக் காரணம் காட்டி, பல் டாக்டர். ஜன்னலோரம், வெளிச்சம் வேண்டுமென்று, பள்ளி வேன் டிரைவர். மேஜைத் தலைமாட்டில், மினிட் நோட்டும் பேனாவுமாகச் சங்கத்தின் செயலாளர். ஐந்தாவது நாற்காலியில் ஆளில்லை. துண்டு விரித்து, அன்றைக்குக் காட்டக் கொண்டுவந்த கைக்கடிகாரங்களை அதில் வைத்திருந்தார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு, மாலை நான்கு மணி. கைக்கடிகாரப் பிரியர் சங்கத்தின் கூட்டம்.

டிரைவருக்கு அவருடைய மகள் எண் ஓடுகிற புதுக் கடிகாரம் ஒன்று வாங்கித் தந்திருந்தாள். எத்தனை அடி நடந்தார் என்று அது சொல்லும். நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டுகிற ஆளுக்கு எதற்கு நடைக்கணக்கு என்று டெய்லர் சீண்டினார். டிரைவர் கோபித்துக்கொள்ளவில்லை. எண் இப்போது மணி எத்தனை என்பதோடு சரி, பெல் அடிக்க இன்னும் எவ்வளவு பாக்கி என்று கண்ணுக்குக் காட்டுவது முள்தான் என்றார். பல் பிடுங்க உட்கார்ந்தவர்கள்கூடச் சுவர்க் கடிகாரத்து முள்ளைத்தான் பிடித்துக்கொண்டு கிடக்கிறார்கள் என்றார் டாக்டர்.

செயலாளர் இதில் ஒரு வரியும் எழுதவில்லை. காலையில் வீட்டு பீரோவின் அடித்தட்டில் கைவிட்டுப் பார்த்திருந்தார். பிஸ்கட் டின்னைக் காணோம். யாரிடம் கேட்பது?

அந்த டின் இப்போது படியேறி வந்தது, அவர் மனைவியின் கையில்.

பதினோரு வருஷத்தில் அதற்குள் ஒன்பது கடிகாரங்கள் சேர்ந்திருந்தன. ஒன்பதும் அவரே ஆசைப்பட்டு வாங்கியவை. ஆனால் வாசல்படி தாண்டும்போது ஒவ்வொன்றும், மனைவியிடம் சொல்வதற்கு, சங்கத்தில் யாரோ பத்திரமாக வைக்கக் கொடுத்ததாக ஆகிவிடும். டெய்லர் வீட்டில் ஈரச்சுவர். டிரைவர் வீட்டில் பீரோ இல்லை. டாக்டர் வீட்டில் கைக்குழந்தை. அந்தக் கைக்குழந்தை இப்போது ஆறாம் வகுப்பு. எல்லாம், 'ஒரு கைக்கு ஒரு கடிகாரம் போதாதா' என்று கல்யாணமான புதிதில் அவள் கேட்ட ஒரே கேள்விக்குப் பயந்து.

நாளைக்கு வெள்ளையடிக்க ஆள் வருகிறது, அடுத்தவர் பொருளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்றாள். ஒவ்வொன்றிலும் நூலால் பெயர்ச்சீட்டு கட்டியிருந்தாள். படித்துப் படித்துக் கொடுத்தாள். டெய்லருக்கு நாலு, டாக்டருக்கு மூன்று, டிரைவருக்கு இரண்டு.

வாயைத் திறந்தால் பதினோரு வருஷப் பொய் வெளியே வரும். திறக்காவிட்டால் ஒன்பதும் போகும். செயலாளர் நோட்டில் தேதிக்குக் கீழே ஒரு கோடு போட்டார். அதற்குக் கீழே இன்னொரு கோடு.

டெய்லர் பொல்லாதவர். செயலாளர் உயிரையே வைத்திருந்த நீல டயல்காரனைக் கையில் கட்டி, நீட்டி அழகு பார்த்தார். "இதைத்தான் தங்கச்சி, நாலு வருஷமா தேடிக்கிட்டிருந்தேன்" என்றார்.

டிரைவர் தனக்கு வந்ததைக் காதில் வைத்தவர் அப்படியே இருந்துவிட்டார். ஓடுகிறது. அடுத்ததும் ஓடுகிறது. ஒன்பதும் ஓடின. ஒன்பதும் நாலு பன்னிரண்டு காட்டின.

எல்லாம் கையால் சாவி கொடுக்கிற ரகம். ஒரு தரம் கொடுத்தால் ஒன்றரை நாள் தாங்கும். கூட்டம் நடக்கிற ஞாயிறு காலையில்தான் செயலாளர் டின்னைத் திறப்பார். எப்போது திறந்தாலும் எல்லாம் நின்றுபோய்த்தான் கிடக்கும்.

இன்றைக்கு யார் சாவி கொடுத்தது என்று டாக்டர் கேட்டார்.

"நான்தான் டாக்டர். வழக்கமா திங்கக்கிழமை, இவர் ஆபீஸ் கிளம்பினதும் கொடுப்பேன். புதன்கிழமைக்குள்ள நின்னுடும். இவருக்குத் தெரியாது."

அதற்கப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. நீல டயலுக்கு இருபது சுற்றுக்கு மேல் கொடுக்கக் கூடாது, விரலுக்கே தெரியுமாம். சதுரக் கடிகாரம் நாளைக்கு ஒரு நிமிஷம் முந்தும், பிறவியிலேயே அவசரக்காரன். தோல்வார் போட்டது மழைக்காலத்தில் சோம்பல் முறிக்கும். டாக்டர் இடுப்புவலியை மறந்து எழுந்து, சாய்மான நாற்காலியை அவளுக்கு விட்டுக்கொடுத்தார்.

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். சங்கத்தின் உறுப்பினர் விண்ணப்பம். கட்டம் கட்டமாகக் கோடு போட்டு அதைத் தயாரித்தவரே செயலாளர்தான். கடிகாரங்களின் எண்ணிக்கை: ஒன்பது.

"உரிமையாளர்னு ஒரு கட்டம் இருக்கு. அதை மட்டும் நீங்களே நிரப்பிடுங்க."

டெய்லர் நீல டயலைக் கழற்றி டின்னுக்குள் வைத்தார். மற்ற இருவரும் வைத்தார்கள். மூன்று பேரும் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

செயலாளர் பேனாவைத் திறந்து தன் பெயரை எழுதினார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. மூடியைப் போடப் போனவர், பக்கத்தில் அவள் பெயரையும் எழுதினார்.

விதிப்படி, சேர்க்கைக் கடிதம் தபாலில்தான் போகவேண்டும். அங்கேயே உட்கார்ந்து அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசை தவறாமல் எழுதினார். இரண்டு முகவரியும் ஒன்றுதான். ஒரே வீட்டுக்கு எதற்குத் தபால்தலை என்று கேட்டாள். விதி விதிதான் என்றார்.

கையெழுத்துக்குக் கீழே, அவள் டெய்லரிடம் பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, மூன்று வரி சேர்த்தார்.

'பி.கு.: விண்ணப்பத்தில் ஒன்பது என்றிருப்பதைப் பத்து என்று திருத்திக்கொள்ளவும். பத்தாவது, என் ஆபீஸ் மேஜையின் கீழ் இழுப்பறையில் இருக்கிறது. அதற்குத் திங்கள்தோறும் சாவி கொடுக்க ஆளில்லை.'

மனசு மாறுவதற்குள் உறையை ஒட்டினார். தெருமுனையில், டின்னை அணைத்தபடி அவள் பக்கத்தில் நிற்க, தபால்பெட்டிக்குள் போட்டார்.