கொத்து யாருடையது?

"ஐம்பது மீட்டருக்குக் கைத்துப்பாக்கியா? உன் தோட்டா பாதி வழியில உட்கார்ந்து மூச்சு வாங்கும்மா!" என்று சிரித்தார் துப்பாக்கி கிளப்பின் அணித் தலைவர்.

"போய்ச் சேர்ந்தா அணியில இடம் தருவீங்களா மாமா?" என்றாள் அவர் மனைவியின் தங்கை.

காலியாக இருந்தது ஒரே ஓர் இடம். அதற்காகத்தான் மூன்று வருடமாகக் கை வலிக்க வலிக்கப் பழகியிருந்தாள்.

"என் ரைஃபிளுக்குக் குழல் நீளம், தோள்லயும் சாய்ச்சுக்கலாம். உனக்கு மணிக்கட்டை விட்டா வேற துணை ஏது? என்னை ஜெயிச்சுக் காட்டு, இடம் உனக்கு."

நடுவர் வேறு யாருமல்ல, அவர் மனைவிதான். "வீட்டுல அளக்கறது போதாதா? ஆளுக்குப் பத்து. ஆரம்பிங்க" என்றாள்.

பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். தங்கை காதை மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துச் சுட்டாள். அவரோ பின்னால் நின்றவர்களுக்கு விளக்கவுரை நடத்திக்கொண்டே சுட்டார்.

தொலைநோக்கியில் இலக்கு அட்டைகளைப் பார்த்த அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னங்க, உங்க அட்டையில ஒரு ஓட்டைகூட இல்ல. அவ அட்டையில இருபது!"

பேச்சு மும்முரத்தில் பத்தையும் பக்கத்து அட்டையில் சுட்டிருந்தார் மனிதர். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"விதிப்படி உங்களுக்குப் பூஜ்யம். அவ ஜெயிச்சாச்சு."

அவர் தொலைநோக்கியைப் பிடுங்கிப் பார்த்தார். "பத்து நடுவுல கொத்தா இருக்கு. பத்து மூலைக்கு ஒண்ணா சிதறியிருக்கு. கொத்து எந்தத் துப்பாக்கியோடதுன்னு குழந்தைகூடச் சொல்லும். என் தப்புல ஜெயிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கப் போறியா?"

தங்கைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வேண்டாம் மாமா. கொத்து யாரோடதோ, அவங்களுக்கே வெற்றி."

"வாய்க்கு வந்ததைத் தட்டி விடாதடி!" என்று பதறினாள் அக்கா.

"ரோஷக்காரி!" என்ற அவர், அதை அப்படியே அணிப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அட்டை வந்தது. அக்கா அவருடைய ரைஃபிள் தோட்டா ஒன்றை எடுத்து, சிதறிக் கிடந்த ஓட்டைகளில் ஒவ்வொன்றாகச் செருகினாள். கச்சிதமாகப் பொருந்தி நின்றது.

"உங்க தோட்டா சின்னதுங்க, அவளோடது பெருசு" என்றபடி நடுக் கொத்துக்கு வந்தாள்.

பத்து ஓட்டையிலும் அது பிடிப்பில்லாமல் நழுவி விழுந்தது.