பனியில் வெடிக்காத குழல்

"இன்னைக்கு அந்தக் குழலைப் புடுங்கலைன்னா நான் மரியகொரட்டி இல்ல!"

சபதம் தேயிலைத் தோட்டத்து லயத்தின் கடைசி வீடு வரை கேட்டது. மரியகொரட்டி எதையும் ரகசியமாகச் செய்து பழகியவள் அல்ல. காதில் விழுவது எதுவும் அவள் வயிற்றில் தங்காது. கங்காணியிடம் காலையிலேயே முறைப்பாடும் சொல்லியாயிற்று.

பக்கத்து வீட்டு சுஜீவா வாசலில் நின்று புல்லாங்குழல் ஊதிக்கொண்டிருந்தாள். தினமும் இருட்டுகிற நேரத்தில் இதே வேலை.

"வெளக்கு வைக்கிற நேரத்துல ஊதுனா பாம்பு வரும்டி! மூங்கில் குழல் வெடிச்சப்பவே விட்டிருக்கலாம்ல?"

"அதுக்குத்தான் இதைத் தேடிப் புடிச்சேன்க்கா. பதுளையில ஷுக்ரி நானா கடையில, ஜப்பான் பழைய சாமானோட கெடந்துச்சு. பார்க்க மூங்கில் மாதிரி, ஆனா பிளாஸ்டிக். அங்க பள்ளிக்கூடப் புள்ளைங்களுக்கு ஆயிரக்கணக்குல செய்றதாம். அரைநாள் சம்பளந்தான். எந்தப் பனியிலயும் வெடிக்காது."

"பாம்பு வந்தா?"

"வரட்டும். நான் ஊதுவேன்."

மரியகொரட்டி வெடுக்கென்று குழலைப் பறித்தாள். தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, குடுத்துருங்க! பனி எறங்கிருச்சு!"

"பனிக்கும் குழலுக்கும் என்னடி சம்பந்தம்?"

சுஜீவா கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

சற்று நேரத்தில் கீழே பள்ளத்துப் பக்கமிருந்து ஒரு குரல்.

"தங்கச்சி! ஏன் நிறுத்திட்ட? பாதை தெரியலம்மா!"

பெக்டரி வேலை முடிந்து வரும் மரியகொரட்டியின் புருஷன் றிச்சர்ட். டிவி சீரியல் சத்தத்தில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை.

மரியகொரட்டி கதவைத் திறந்து குழலை நீட்டினாள். சுஜீவா ஊத ஊத, அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு றிச்சர்ட் மேலே வந்து சேர்ந்தான். இடுப்பு வரை சேறு.

"மூணு மாசமா இருட்டுனா கண்ணு தெரியல. டோர்ச் அடிச்சாலும் வெறும் பனிதான். தொரைக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கிட்ட சொல்றதும் லவுட்ஸ்பீக்கர்ல சொல்றதும் ஒண்ணுதானே?"

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் மாலை கங்காணி வந்தார்.

"குழல் ஊதித் தொல்லை குடுக்கிறது யாரு?"

சுஜீவாவை முந்திக்கொண்டாள் மரியகொரட்டி. "இவதான். இன்னைக்கும் ஊதுவா. இவளுக்கு ஏலாட்டி நான் ஊதுவேன். யார் தடுக்கிறதுன்னு பார்ப்போம்!"

"நேத்து முறைப்பாடு சொன்னதே நீதானேம்மா! அப்படி எதுக்குத்தான் ஊதுறீங்க?"

லயமே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

"நேரமாச்சு, ஊதுடி" என்று சுஜீவாவிடம் சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக மரியகொரட்டி வாயை இறுக மூடிக்கொண்டாள்.