லேப்டாப் அணைந்த காரணம்

கூடத்தில் நான், என் பேத்தி இளவேனில், பழுதுபார்க்க வந்த ரெஜினா ஆகிய மூவரும் இருந்தோம். மறுநாள் இளவேனிலுக்கு இறுதிப் போட்டி. அவளுடைய கேமிங் லேப்டாப்போ ஆட்டத்தின் நடுவே திடீர் திடீரென்று அணைந்தது.

"சூடாகல, பேட்டரியும் சரியாத்தான் இருக்கு" என்றாள் ரெஜினா. "ஐயா, பக்கத்து வீட்ல மூச்சு மெஷின் ஓடுது. அது திணறுறப்பல்லாம் இது விளையாட்ட விட்டுட்டுத் தன் சக்திய அதுக்குக் குடுத்துடுது. நடுச்சுவர் வழியா அங்க போற கரண்ட் இணைப்ப வெட்டிடவா?"

அது என் பங்காளி திருமேனியின் வீடு. அந்த நடுச்சுவர் யாருக்கு என்ற வழக்குக்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. யாரும் சொல்லாமலே இந்தப் பெட்டி அவனுக்கு மூச்சுக் கொடுத்திருக்கிறது.

"தொடாதேம்மா."

"அப்ப நான் தோத்துடுவேன், தாத்தா."

"தோத்துக்கோ. நம்ம வீட்டுப் பொருள் குடுத்தத நாம பிடுங்கக் கூடாது."

இரு வீடும் சமாதானமாகிவிட்டதாகத் தெருவில் பேசுகிறார்கள். அது பொய். லேப்டாப்பைப் பழுது பார்க்கவில்லை, அவ்வளவுதான்.