எந்த மரத்தில் கட்டுவது

குழியின் ஒரு பக்கச் சுவர் சரிந்து குமுதாவை முழங்கால் வரை மூடியது.

இரண்டு ஆள் ஆழம். தேயிலையும் காடும் சந்திக்கும் சரிவில், மரங்களின் வேர் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று அளப்பதற்காக வெட்டிய குழி. அளப்பது குமுதாவின் வேலை. வெட்டியவர் எஸ்டேட் தொழிலாளி வேலப்பன். மூன்று மாதமாக மழை இல்லை. மண் மாவாக உதிர்ந்துகொண்டே இருந்தது.

கால்களை உருவிக்கொண்டாள். பிடித்து ஏற வழியில்லை.

மேலிருந்து வேலப்பன் வீசிய கயிறு வந்து விழுந்தது. மறுமுனை அசையாமல் நின்றால் அவளே ஏறிவிடுவாள்.

"இந்தா, பக்கத்துலயே பெரிய மரம் இருக்கு. இதுல கட்டுறேன் லா!"

"வேணாண்ணே! அந்தக் குண்டன் சாஞ்சிருவான். தள்ளி நிக்கிற ஒல்லியில கட்டுங்க!"

தேயிலைக்காரர்கள் எதையும் இலையை வைத்தே எடைபோடுவார்கள். பெரிய மரத்தில் இலை செழித்திருந்தது. குழிக்குள் இருந்தவளுக்கு வேர் தெரிந்தது.

தேயிலைக்குப் போட்ட உரம் மழைதோறும் வழிந்து பெரிய மரத்தின் காலடிக்கே வந்தது. சோறு வாசலுக்கே வந்தால் யார் கடைக்குப் போவார்? அதன் வேர்கள் முழங்கை ஆழத்தைத் தாண்டவில்லை. மேல்மண் காய்ந்ததும் பிடி விட்டது. சரிந்ததும் அந்தப் பக்கம்தான்.

ஒல்லி மரம் வேறு இனம். உரம் எட்டாத ஏழை மண்ணில் நின்றது. சத்தைத் தேடிப் பாறை இடுக்கு வழியாக இறங்கி, அங்கே ஈரத்தையும் கண்டுபிடித்திருந்தது. எதிர்ச் சுவரில், அவள் பாதத்துக்கும் கீழே, அதன் வேர் இன்னும் போய்க்கொண்டிருந்தது.

இத்தனையையும் கத்திச் சொன்னாள்.

"பாடத்த மேல வந்து நடத்து தாயே! ஒல்லியிலதான் பிடிச்சிருக்கு, ஏறு!"

ஏறினாள். கயிறு ஒரு முறை தளர்ந்து, நின்றது.

"அண்ணே?"

பெரிய மரத்தடியில் மண் வாய் பிளந்தது. அவள் கீழே பார்க்காமல் ஏறினாள்.

முகம் விளிம்புக்கு மேலே வந்தது.

கயிறு ஒல்லி மரம் வரை எட்டவில்லை. ஓர் ஆள் நீளம் குறைந்திருந்தது.

அதன் மறுமுனை வேலப்பனின் இடுப்பில் இறுகியிருந்தது. அவர் குப்புறக் கிடந்து, கண்ணை மூடி, ஒல்லி மரத்தை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்திருந்தார்.