சுவர் சொன்ன எண்

மூச்சை வைத்தே ரத்தச் சர்க்கரையைச் சொல்லும் சுவர், போன கோடையில்தான் செழியன் வீட்டுக்கு வந்தது. வந்த வாரமே, அவன் மனைவி வினோதினிக்குச் சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டதாக எச்சரித்தது. புதிய சுவரை அவன் நம்பவில்லை. மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தவளின் விரலைக் கழுவாமலே ஊசியால் குத்தினான். விரலில் ஒட்டியிருந்த பழச்சாற்றின் இனிப்பையும் சேர்த்துச் சர்க்கரை மீட்டர் முந்நூறு காட்டியது. இன்சுலின் போட்டவனும் அவனேதான். அவள் பிறகு எழுந்திருக்கவேயில்லை.

அதன்பின் அவன் எதையும் நம்புவதில்லை. சுவரும் மீட்டரும் ஒரே எண்ணைச் சொன்னால்தான் மகள் மகிழினிக்கு மருந்தோ சர்க்கரையோ கொடுப்பான். அம்மாவின் நோய் அவளுக்கும் இருந்தது.

இன்று காலை சுவர், "மகிழினிக்கு ஐம்பத்தெட்டு. உடனே சர்க்கரை கொடுங்கள்" என்றது.

செழியன் மகளின் விரலைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினான்.

"விரலே தேஞ்சிடும்ப்பா. தலை சுத்துது, சக்கரை குடு."

"இரு கண்ணு, இன்னொரு தரம் கழுவிடலாம்."

மீட்டரும் ஐம்பத்தெட்டுதான் காட்டியது. சர்க்கரையைக் கரைத்துக் குடிக்கவைத்துவிட்டு, தம்ளரைக் கழுவப் போனான். திரும்பியபோது மகிழினி சுவரோடு வாயை ஒட்டிக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே அப்பாகிட்ட சொல்லாத. எங்கிட்ட மட்டும் சொல்லு. நானே எடுத்துத் தின்னுக்கறேன்."

"சரி, மகிழினி" என்றது சுவர்.